பருப்பு வெந்த வீடு

இருபத்திரெண்டு நாள். இந்த எண்ண மனசுல வச்சுக்கங்க. ஒரே ஒரு உண்மையச் சொல்றதுக்கு பொம்மையனுக்குக் கெடச்ச அவகாசம் அம்புட்டு. வாயத் தொறந்தா ஒரு நிமிசத்துல முடியுற விசயம். சொல்லல. அதுல ஒரு நாள் எனக்கும் பங்கு இருக்கு. அதையும் மறைக்காம எழுதுறேன்.

பொம்மையன் கொத்தனார். வயசு அறுபத்தொண்ணு. தாடிக்கொம்பு பக்கத்துல பொறந்து, பதினாலு வயசுல சட்டி சொமக்க திண்டுக்கல்லுக்கு வந்தவன். மூணு வருசத்துல கரண்டி பிடிச்சான். டைல்ஸ் வந்த புதுசுல மத்த கொத்தனாருங்க, "இது என்னடா, ஸ்டிக்கர் ஒட்டுற வேல"ன்னு ஒதுங்குனாங்க. இவன் ஒதுங்கல, கத்துக்கிட்டான். இவன் ஒட்டுன தரையில கோலிக்குண்ட வச்சா வச்ச எடத்துலயே நிக்கும்.

நான் கட்டடத் தொழிலாளர் சங்கத்துல முப்பது வருசம் இருந்தேன். நோட்டீஸ் எழுதுறது என் வேல. அத சைட்டு சைட்டாக் கொண்டுபோய்க் குடுக்குறது பொம்மையன் வேல. படிக்கத் தெரியாதவங்களுக்கு இவனே படிச்சுக் காட்டுவான். நான் எழுதாததையும் சேத்துப் படிப்பான்.

சங்கத்துல அவனுக்கு ஒரு பேரு உண்டு. ஒரு மாடி வீட்டு வேலையில சாரம் சரிஞ்சு கண்ணுசாமின்னு ஒரு ஆளு செத்துப்போனான். "குடிச்சிட்டு ஏறுனான்னு சொல்லிருப்பா, ஒனக்கு வருசம் முழுக்க வேல தாரேன்"னு மேஸ்திரி பொம்மையன்கிட்ட பேசிப்பாத்தான். பொம்மையன் கோர்ட்டுக் கூண்டுல ஏறி, "குடிக்கல. சாரக்கம்பு உளுத்துப்போயிருந்துச்சு. மொத நாளே நான் சொன்னேன், மாத்தல"ன்னான். கண்ணுசாமி பொண்டாட்டிக்கு நட்டஈடு கெடச்சுச்சு. பொம்மையனுக்கு ரெண்டு வருசம் டவுனுக்குள்ள ஒருத்தனும் வேல குடுக்கல. செம்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைக்குச் செவுரு வச்சுப் பொழச்சான்.

கண்ணுசாமி பொண்டாட்டி பேரு நாகஜோதி. அவளும் சித்தாளுதான். அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் பொம்மையனோடதான் வேலைக்குப் போனா. ஒத்தப் பிள்ள இளஞ்செழியன டிப்ளமோ படிக்க வச்சா. அவன் இப்பத் திருப்பூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். பொம்மையன் வாயிலருந்து ஒரு வார்த்த வந்தா நாகஜோதிக்கு அது கல்வெட்டு.

ஆளு எப்பிடின்னு சொல்லிட்டேன். இனி அசிங்கத்துக்கு வாரேன்.

முட்டி போச்சு பொம்மையனுக்கு. சாரம் ஏற முடியல, புது வீட்டு வேல நின்னுபோச்சு. அப்பத்தான் வீட்டு புரோக்கர் பழனிக்குமார் கூப்பிட்டான். "அண்ணே, விக்கப்போற வீட்ட ரெடி பண்ணிக் குடுங்க. தரையோட இருக்குற வேலதான். ஒக்காந்தே செய்யலாம்"னான்.

இது இப்ப ஒரு தனித் தொழிலு. பழைய வீட்ட அப்பிடியே வித்தா ஒரு வெல, கொஞ்சம் சோடிச்சு வித்தா ஒரு வெல. எதச் செஞ்சா வெல ஏறும், எதச் செஞ்சா காசுக்குக் கேடுன்னு பொம்மையனுக்கு அத்துப்படி. "பெட்ரூமுக்கு சீலிங் போடாதப்பு, அது வீண். சமையக்கட்டும் கக்கூஸும்தான் வெல பேசும்"பான். சமையக்கட்டுல கருப்புக் கல்லு மேட, அலுமினியக் கதவு வச்ச அலமாரி. கக்கூஸ்ல வெஸ்டர்ன். முன் செவுத்துல ஒரே ஒரு பட்டைக்கு கல்லு டைல்ஸ். வாசக்கதவுக்குப் பாலீசு. கேட்டு தப்பான மூலையில இருந்தா நாலடி தள்ளி வைக்கிறது. அம்புட்டுத்தான். இதுல தப்பு ஒண்ணும் இல்ல. பொண்ணு பாக்க வாரப்ப மொகங்கழுவிப் பவுடர் போடுற மாதிரிதான்.

தப்பு தண்ணியில இருக்கு.

திண்டுக்கல்ல வீடு பாக்க வாரவன் எத்தன செண்டுன்னு மொதல்ல கேக்க மாட்டான். "தண்ணி எப்பிடி?"ம்பான். ஊருக்குள்ள பாதி போர் உப்பு. ஏன் உப்பாச்சுன்னு நோட்டீஸ் போட்டுப் போட்டே எங்க கையெல்லாம் தேஞ்சுபோச்சு. உப்புத் தண்ணி வீட்டக் கண்டுபிடிக்க ஊர்க்காரனுக்குக் கண்ணு போதும். குழாய் மூக்குல வெள்ளையாப் பொருக்கு தட்டியிருக்கும். பாத்ரூம் தரை சாம்பப் பூத்திருக்கும். செவுத்துல அடியில இருந்து மூணடிக்கு சுண்ணாம்பு உதுந்துக்கிட்டே இருக்கும்.

அதனால பொம்மையன் உப்பு வீட்டுக்குன்னு தனி வைத்தியம் வச்சிருந்தான். குழாய் பூராத்தையும் கழத்திப் புதுசு மாட்டுவான். தரைய ஆசிட் ஊத்தித் தேப்பான். செவுத்துக்கு நாலடி ஒசரத்துக்கு டைல்ஸ் ஒட்டிருவான். பாக்குறவன், "அடேயப்பா, ஹால்லயே டைல்ஸா!"ன்னு வாயப் பொளப்பான். உப்ப மூடுன மூடிக்குத்தான் வெல ஜாஸ்தி.

கடைசி வேல ஒண்ணு உண்டு. வீடு பாக்க ஆளு வாரதுக்கு மொத நாளு தரைத்தொட்டியக் காலி பண்ணி, சிறுமலை அடிவாரத்துத் தோட்டத்துல இருந்து ஒரு லாரி நல்ல தண்ணி எறக்கிருவான். மேல்தொட்டியிலயும் அதேதான். போர் மோட்டார் சுவிச்சப் போட்டா தொட்டி மோட்டார் ஓடுற மாதிரி வயர மாத்திக் குடுத்துருவான். வந்தவன் அவன் கையாலயே சுவிச்சப் போடுவான். தண்ணி கொட்டும். ஒரு கை அள்ளி வாயில விடுவான். எளநி.

"எல்லாம் முகந்தெரியாத ஆளுங்கதானப்பா"ன்னான் பொம்மையன், பின்னால எங்கிட்ட. முகந்தெரியாத ஆளுங்கதான். மில்லுக்காரன், பஸ் கண்டக்டரு, பிரியாணிக் கட மாஸ்டர். அத்தன பேரும் பேங்க்ல கடன் எழுதிட்டு வந்தவங்க. வாங்குனவன்ல ஒருத்தன்கூட முதலாளி இல்ல.

போன வருசம் ஊருக்குக் கெழக்க ஒரு வீடு. சொந்தக்காரர் கோயமுத்தூர்ல இருக்காரு, வந்தே பாக்கல. பழனிக்குமார்தான் எல்லாம். பொம்மையன் ஒரு மாசம் பாடுபட்டு வீட்ட மணவறை மாதிரி ஆக்கிட்டான். லாரித் தண்ணி எறங்குறப்ப பக்கத்து வீட்டு சேக் பரீது பாய் செவுத்துக்கு மேல தலைய நீட்டுனாரு.

"என்ன கொத்தனாரே, யாருக்குக் கல்யாணம்? லாரியில தண்ணி எறங்குது?"

"வீட்டுக்குத்தான் பாய். நாளைக்குப் பொண்ணு பாக்க வாராக."

பாய் சிரிச்சாரு. "நல்லாக் குளிப்பாட்டி விடுங்க"ன்னு தலைய உள்ள இழுத்துக்கிட்டாரு.

மறுநாள் பத்து மணிக்கு புரோக்கர் வண்டிக்குப் பின்னால ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. எறங்குனது நாகஜோதி. கூட மருமக பவித்ரா, இடுப்புல கைப்பிள்ள.

"யண்ணே!" நாகஜோதி வாசல்லயே நின்னுட்டா. "நீங்களா வேல பாத்தீக? ஏன்டி பவித்ரா, நான் சொல்லல? இது நம்மண்ணன்டி. இனி நான் என்னத்தப் பாக்க?"

பொம்மையன், "வா தாயி"ன்னான்.

பழனிக்குமார் சந்தோசமாயிட்டான். "அட, ஒறவா? அப்ப ரேட்டு பேச வேண்டியதே இல்ல."

"ரேட்டெல்லாம் எம்மகன் பேசுவான், நீ சும்மா இரு தம்பி"ன்னுட்டு நாகஜோதி உள்ள போனா. தரையில கைய வச்சு டைல்ஸ் கோட்டத் தடவிப் பாத்தா. "இந்தக் கோடு போதும், யாரு கைன்னு சொல்லிருவேன். எத்தன வருசம் இவுக கூட சிமிட்டிப் பாலு கலக்கியிருக்கேன்."

பவித்ரா அப்பிடி இல்ல. சின்னாளப்பட்டிக்காரி. உப்புத் தண்ணி வீட்டுக்கு வாக்கப்பட்ட அவ அக்கா முடியெல்லாம் கொட்டிப்போய்க் கெடந்தத பாத்தவ. பையிலருந்து ஒரு சின்ன சட்டியும், காகிதத்துல மடிச்ச துவரம்பருப்பும் எடுத்தா.

"அண்ணாச்சி, இங்க அடுப்பு இருக்கா? இந்தத் தண்ணியில பருப்பு வேகுதான்னு பாக்கணும்."

பழனிக்குமார் சிரிச்சான். "ஏம்மா, டெஸ்ட்டுக்கு மிசினு இருக்கும்மா இப்ப."

"மிசினுக்கு நம்பர் தெரியும். பருப்புக்குத் தண்ணி தெரியும்."

"அப்ப குக்கர் கொண்டாந்திருக்கலாம்ல, சீக்கிரம் முடியும்."

"குக்கர்ல கல்லும் வேகும்."

பெயிண்டருங்க டீ போட வச்சிருந்த சின்ன கேஸ் அடுப்பு இருந்துச்சு. பவித்ராவே சுவிச்சப் போட்டா, அவளே குழாயில பிடிச்சா, அவளே அடுப்புல வச்சா. நாப்பது நிமிசம் அந்தச் சட்டி கொதிச்சுச்சு. அந்த நாப்பது நிமிசமும் பொம்மையன் சமையக்கட்டு வாசல்ல நின்னான். நாகஜோதி ஒவ்வொரு ரூமாப் போயிட்டுப் போயிட்டு வந்தா. "இங்க பிள்ளைக்குத் தொட்டி கட்டலாம். இங்க சாமி. வாடக வீட்டுல ஆணி அடிக்க விடமாட்டான்ணே, இனி இஷ்டத்துக்கு அடிக்கலாம்"னா. ஆணி அடிக்கிறதப் பத்தி அம்புட்டு சந்தோசமா ஒருத்தி பேசி அவன் கேட்டதில்லயாம்.

அப்பவே சொல்லியிருக்கலாம். "தாயி, இது போர்த் தண்ணி இல்ல. லாரித் தண்ணி." முடிஞ்சது. பழனிக்குமார் அடுத்த வேல குடுக்க மாட்டான், அம்புட்டுத்தான். ரெண்டு வருசம் கோழிப்பண்ணையில கெடந்தவனுக்கு இது ஒரு பெரிய விசயமா? ஆனா அப்ப வயசு நாப்பது, முட்டி நல்லாருந்துச்சு. இப்ப இத விட்டா வேற வேல இல்ல. அந்தக் கணக்கு ஓடுச்சு மண்டைக்குள்ள.

பவித்ரா ஒரு பருப்ப எடுத்து வெரல்ல நசுக்குனா. வெண்ணெயா மசிஞ்சுச்சு.

"வெந்துருச்சு அத்த!"

நாகஜோதி சட்டிய வாங்கி, ஒரு வாய் எடுத்து பொம்மையன் கையில வச்சா. "மொத சோறு மாதிரி. நீங்க சாப்டுங்கண்ணே, நீங்க செஞ்ச வீடு."

சாப்டான். முழுங்குனான்.

பேச்சு முடிஞ்சு முன்பணம் குடுத்தாங்க. பேங்க் பேப்பரெல்லாம் சரியாகி கிரையம் பதிய இருபத்திரெண்டு நாளு. வழக்கமா வீடு வாங்குறவங்க பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி ஒரு வார்த்த கேப்பாங்க. நாகஜோதி கேக்கல. அண்ணன் இருக்கப்ப அசலான்கிட்ட என்ன கேள்வி?

ஒம்பதாவது நாளு பொம்மையன் என்னயப் பாக்க வந்தான். நான் இப்ப சங்கத்துல இல்ல, வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எல்லாத்தையும் சொன்னான். சொல்லிட்டு, "என்ன பண்ணட்டும்?"னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத எழுதுறப்பவே கூசுது. "முதலாளி பண்ற மோசடிக்குத் தொழிலாளி பொறுப்பில்ல. நீ டைல்ஸ் ஒட்டுன, கூலி வாங்குன. விக்கிறது அவன், புரோக்கரு இவன். நீ ஏன் நெஞ்சுல போட்டுக்கிற?"ன்னேன். முப்பது வருசமா நோட்டீசுல எழுதி எழுதிப் பழகுன வாக்கியம். நல்ல வாக்கியம்தான். எடம் மாறி விழுந்துச்சு. வயர மாத்திக் குடுத்தது முதலாளியா? பருப்ப முழுங்குனது புரோக்கரா? நான் கேக்கல. அவனுக்கு வேண்டியது ஒரு சாக்கு. என்கிட்ட அச்சடிச்ச சாக்கு தயாரா இருந்துச்சு, குடுத்தேன்.

பொம்மையன் மொகம் தெளிஞ்சு எந்திரிச்சான். "நீ சொன்னா சரிதான் தோழர்"னு போயிட்டான். மிச்சம் பதிமூணு நாளும் போயிருச்சு. கிரையம் முடிஞ்சுச்சு. சாவி குடுக்குறதுக்கு முந்தி வயரப் பழையபடி மாத்துனான்.

பால் காய்ச்சுனாங்க. நான் போகல. பொம்மையன் போனான். அவனுக்கு வேட்டி துண்டு எடுத்து வச்சுக் குடுத்தா நாகஜோதி.

தொட்டியில இருந்த லாரித் தண்ணி எட்டு நாளு வந்துச்சு. ஒம்பதாவது நாள் போன்.

"அண்ணே, தண்ணி மாறிப்போச்சுண்ணே. பருப்பு நெறநெறன்னு கெடக்கு. பிள்ளைக்குக் குளிப்பாட்டுனா மேலு பூரா தடிக்குது. மோட்டார்ல ஏதோ கோளாறு. செத்த வந்து பாருங்க."

மோட்டார்ல கோளாறாம். அவனச் சந்தேகப்படணும்னு அவளுக்குத் தோணவே இல்ல. பொம்மையன் போனான். போய், அத வாயால சொல்ல மாட்டாம, அரை நாளு மோட்டாரப் பிரிச்சுத் தொடச்சு மாட்டிட்டு வந்தான். பிரிக்கவே வேண்டாத மோட்டாரு. தெருக்குழாயில பிடிச்ச குடத்துத் தண்ணியில நாகஜோதி டீ போட்டுக் குடுத்தா. குடிச்சுட்டு வந்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போன். "வேல ஆகலண்ணே. போர இன்னும் முந்நூறு அடி எறக்கிருவோம்னு மகன் சொல்றான். என் தோடு இருக்குல்ல, அத வச்சு வண்டிக்குச் சொல்லியாச்சு. வியாழக்கெழம வாரான். நீங்க கூட இருக்கணும்."

அந்தப் பக்கம் கீழ போகப்போக உப்புக் கூடத்தான் செய்யும். பொம்மையனுக்கு அது தெரியும். அந்தத் தோடு நட்டஈட்டுப் பணத்துல எடுத்தது, அதுவும் அவனுக்குத் தெரியும். கூட நின்னு எடுத்துக் குடுத்ததே அவன்தான.

புதன்கெழம காலையில போனான். இந்தத் தடவ என்கிட்ட வந்து கேக்கல. நல்லது. பின்னால அவனும் நாகஜோதியும் தனித்தனியாச் சொன்னத ஒத்துப்பாத்துத்தான் இத எழுதுறேன்.

நாகஜோதி சமையக்கட்டுல இருந்தா. அடுப்புல சட்டி. "வாங்கண்ணே, ஒக்காருங்க"ன்னா.

நின்னுக்கிட்டே சொன்னான். லாரி, தொட்டி, வயரு, டைல்ஸுக்குப் பின்னால இருக்குற செவுரு, அத்தனையும். "மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல தாயி. போர எறக்காத. தோட்ட வைக்காத. பூமியே உப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

பவித்ரா ஹால்லருந்து எந்திரிச்சு வந்தா. "அன்னைக்கு அந்தப் பருப்ப நீங்களும்தான தின்னீங்க?"ன்னு கேட்டா.

சன்னலுக்கு வெளிய, காம்பவுண்டு செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்ன சேக் பரீது பாய்க்குக் கேட்டிருக்கும் போல. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா"ன்னாரு. பவித்ரா வெடுக்குன்னு திரும்பி, "லாரி வந்தத பாத்தீங்கள்ல பாய், நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே"ன்னா. பாய் தலைய உள்ள இழுத்துக்கிட்டாரு. அந்தக் கேள்வி எனக்கும் சேத்துத்தான்.

நாகஜோதி அழல, வையல. அடுப்ப அமத்துனா. போன எடுத்து போர் வண்டிக்காரனுக்குப் போட்டு, "நாளைக்கு வராதீங்க தம்பி, வேண்டாம்"னா. வச்சா. சட்டிய எறக்கி வச்சா.

"பருப்பு இவ நம்பிக்கைக்கு வச்சது. எனக்கு நீங்க வாசல்ல நின்னதே போதும்னு இருந்தேன்"னா.

பொம்மையன் கையெடுத்துக் கும்புட்டான். மழத்தண்ணிக்கு மாடியிலருந்து குழா போட்டுத் தாரேன், கூலி வேண்டாம், தெருக்குழாயில நானே வந்து சொமந்து ஊத்துறேன்னு என்னென்னமோ பேசுனான்.

"குழா போடுங்க. கூலி குடுத்துருவேன்"னா. அப்புறம் ஒண்ணு கேட்டா. இருபது வருசமா அண்ணன்னு கூப்புட்ட வாயி அன்னைக்கு மாறிப்போச்சு.

"கொத்தனாரே, இந்த லாரித் தண்ணி என் வீட்டுக்கு மட்டுந்தானா? இதுக்கு முந்தி எத்தன வீட்டுல விட்டீக?"

பொம்மையன் தெருத் தெருவா வெரல மடக்குனான். ரெண்டு கையும் முடிஞ்சு மறுபடி கட்ட வெரல்லருந்து ஆரம்பிச்சான். செத்த நேரம் ஆச்சு.

பதினேழு.